போன் அடிக்குமா அடிக்காதா: தக்கலைக்கும் வள்ளக்கடவுக்கும் நடுவில் ஒரு வாரம்

நாள் 1

பயணக் கட்டுரை என்று எழுத ஆரம்பித்துவிட்டேனே தவிர, இந்த வாரம் நான் எங்கேயாவது போவேனா என்பது எனக்கே தெரியாது. விமானத்தில் துணை விமானி வேலை. ஊரில் கேட்டால் "பிளேன் ஓட்டுற பிள்ளை". ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், இந்த வாரம் எனக்கு ஒரு விமானமும் எழுதவில்லை, ஸ்டேண்ட்பை என்று மட்டும் இருக்கிறது. யாராவது வர முடியாமல் போனால், அல்லது ஏதாவது விமானம் தாமதமாகி அதன் விமானிக்குப் பணி நேரம் தீர்ந்துபோனால் என் போன் அடிக்கும். அடிக்காமலும் போகும்.

அப்பாவுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை சொன்னதுமே "ஸ்பேர்ல போட்டிருக்கானுவ" என்றார். டிப்போ பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம், ஆள் வராத வண்டி எதுவோ அதில் ஏறிப் போக வேண்டும், குலசேகரமா பேச்சிப்பாறையா திருச்செந்தூரா என்பது ஏறும்போதுதான் தெரியும். எனக்கு மஸ்கட்டா ஷார்ஜாவா என்பது மாதிரி. அம்மாவுக்குத்தான் இன்றுவரை ஒத்துவரவில்லை. "வேலைக்குப் போவாம சம்பளம் தந்தா அது லீவுதானே பிள்ளே?"

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. திருவனந்தபுரம்தான் எனக்கு பேஸ், அதாவது என் விமானங்கள் கிளம்பும் ஊர். தக்கலையிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர், கேட்டால் பக்கம் மாதிரி இருக்கும். கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பது எங்கள் கம்பெனி கணக்கு. தேசிய நெடுஞ்சாலை 66-இல் அழகியமண்டபம், சுவாமியார்மடம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று வரிசையாகத் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் சேருவது நடுராத்திரியில் நடக்கும். பகலில் நடக்காது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகள் இரண்டு முன்னால் மாட்டினால் அன்றைக்குத் தீர்ந்தது.

இந்தச் சாலையில் அவசரம் செல்லாது என்பது புதுசும் இல்லை. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள் இல்லையா, முதல் ராத்திரி குழித்துறை, இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள்தான் கோட்டைக்குள். சாமிகளே இரண்டு இடத்தில் தங்கித்தான் போகிறார்கள். அதனால் நானும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வள்ளக்கடவில் ஒரு அறை எடுத்திருக்கிறேன், மூன்று பெண்கள் சேர்ந்து. ஸ்டேண்ட்பை நாளில் நான் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

சாயங்காலம் மழைக்கு முன்னால் கிளம்பிவிட்டேன். ஸ்டேண்ட்பை ராத்திரி 2 மணிக்குத் தொடங்குகிறது. எட்டு மணிக்கே படுத்தாயிற்று. போனை ஒரு காலிச் சொம்புக்குள் போட்டு வைத்திருக்கிறேன், அடித்தால் கோயில் மணி மாதிரி அதிரும். தூக்கம்தான் வரவில்லை.

நாள் 2

2.40-க்குச் சொம்பு அதிர்ந்தது.

மஸ்கட் போய்த் திரும்ப வேண்டும். எங்களுக்கு வேலை பிரித்துத் தரும் க்ரூ கன்ட்ரோலில் பேசுகிறவர் நாலு விஷயம்தான் சொல்வார்: எந்த விமானம், எப்போது ரிப்போர்ட்டிங், எந்தக் கேப்டன், வண்டி எப்போது வரும். யாருக்குப் பதிலாக என்று அவர் சொல்ல மாட்டார், நாமும் கேட்கக் கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு தடவை கேட்டேன். மறுமுனையில் ஒரு சின்ன மௌனம், அப்புறம் "மேடம், வண்டி 3.20-க்கு." அதோடு கற்றுக்கொண்டேன்.

விமானத்துக்குப் போகும் முன் மூச்சுப் பரிசோதனை. குழாயில் ஊதினால் 0.000 என்று வர வேண்டும், வேறு எந்த எண் வந்தாலும் அன்றைய வேலை போச்சு. முதல் தடவை உறுதியானாலே லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் மது தொடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் 2023-இலிருந்து ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், பல் ஜெல்கூடக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ எழுதியே வைத்துவிட்டது. இந்த விஷயம் நாளை மறுநாள் அம்மாவோடு ஒரு சண்டையில் முடியப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. (இந்த வரியைப் பிறகு சேர்த்தேன்.)

கேப்டன் மலையாளி, அனுபவஸ்தர். மேலே ஏறி நிமிர்ந்த பிறகு பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது நான்தான் ஆரம்பித்தேன், ராத்திரி இரண்டரைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் எப்படி சார், படுக்கும்போதே தெரிந்திருக்காதா என்று. அவர் சிரித்தார். இரண்டரைக்கு வயிறு பிடுங்கினால் இரண்டரைக்குத்தான் சொல்ல முடியும், வயிற்றுக்கு ரோஸ்டர் தெரியாது என்றார். அவர் சின்ன வயசில் காய்ச்சலோடு ஒரு முறை வந்துவிட்டாராம். அன்றைக்குக் கூட இருந்த சீனியர் அவரைப் பாராட்டவில்லை, திட்டியிருக்கிறார். "நீ வராவிட்டால் எனக்கு இன்னொரு ஆள் கிடைத்திருப்பான். நீ வந்ததால் எனக்கு அரை ஆள்தான் கிடைத்தான்" என்று. எனக்குக் கொஞ்சம் சுட்டது, ஆனால் சொன்னது சரி.

திரும்பி வரும்போது தெற்கிலிருந்து கடற்கரையை ஒட்டி ரன்வே 32-க்கு இறங்கினோம். மேகம் விலகின ஒரு நிமிஷத்தில் வலப்பக்கம் ஆறு கடலில் கலக்கிற இடம் தெரிந்தது, தேங்காய்ப்பட்டணம் என்றுதான் நினைக்கிறேன். அங்கிருந்து வீடு அரைமணி நேரம். இறங்கி, ரன்வேயில் உருட்டி, பேப்பர் எல்லாம் முடித்து, அறைக்கு வந்து படுத்ததுதான் தெரியும். வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்தக் கண்ணோடு பாலராமபுரம் தாண்டியிருக்க மாட்டேன்.

நாள் 3

இன்றும் நாளையும் வார ஓய்வு. 2025 ஜூலையிலிருந்து வாரத்துக்குத் தொடர்ச்சியாக 48 மணி நேரம், அதற்கு முன் 36 தான். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தின் அருமை தூரத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் தெரியும். 36-இல் வீட்டுக்குப் போய், துணி துவைத்து, ஒரு தூக்கம் போட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிடும்.

காலையிலேயே கிளம்பியிருக்கலாம். இன்று ஐப்பசி ஆறாட்டு என்பதால் நின்றுவிட்டேன். பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சங்குமுகம் கடலுக்குச் சாமி நீராடப் போகும் வழி விமான நிலைய ரன்வேயின் குறுக்கே போகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆண்டுக்கு இரண்டு நாள், ஊர்வலம் போய்த் திரும்பும்வரை சாயங்காலம் ஐந்து மணி நேரத்துக்கு ரன்வே மூடல். முறைப்படி விமானிகளுக்கெல்லாம் அறிவிப்பு வரும், விமான நேரங்களை மாற்றிக்கொள்வார்கள். 1932-இல் விமான நிலையம் வருவதற்கு முன்பே இருந்த வழி அது, அதனால் சாமிக்குத்தான் முன்னுரிமை. ராஜ குடும்பத்து மூத்தவர் வாளோடு முன்னால் நடக்க, கருட வாகனங்கள் வள்ளக்கடவு வழியாகப் போவதை எங்கள் தெரு முனையில் நின்று பார்த்தேன். நான் எழுபது டன் எடையோடு இறங்கும் அதே தார்மேல் வெறுங்காலோடு நடக்கிறார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிறகு மழை. குடை அறையில். காருக்கு நடந்து வருவதற்குள் தொப்பலாகிவிட்டேன், அதே ஈரத்தோடு ஏசியில் இரண்டரை மணி நேரம். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு முன்னால் நாற்பது நிமிஷம் நின்றதில் முதல் தும்மல் வந்தது.

நாள் 4

எழும்போதே தொண்டையில் முள். மூக்கு அடைப்பு. இடது காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி.

மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெல்ல ஊதிப் பார்த்தேன். வலது காது 'டப்' என்று திறந்தது. இடது காதில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டு "இஞ்ச வா, என்னத்துக்கு மூஞ்சிய அப்பிடி ஊதுத?" என்று கேட்டார். அந்த 'டப்'தான் எங்கள் பிழைப்பு. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துக்கு ஒத்தது, சில சமயம் அதைவிடக் கொஞ்சம் மேலே. இறங்கும்போது ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அரைமணி நேரத்துக்குள் வந்து சேருகிற மாதிரி. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சளியில் அடைத்திருந்தால் காற்று உள்ளே போக வழியில்லாமல் செவிப்பறை உள்பக்கம் இழுபடும். வலி சாதாரணமாக இருக்காது, சிலருக்குத் தலை சுற்றும், செவிப்பறை கிழியவும் கிழியும். பயணிக்கு வந்தால் அழலாம், மிட்டாய் சப்பலாம். அந்த நேரத்தில் என் கையில் விமானம் இருக்கும்.

அம்மா வைத்தியத்தோடு வந்தாள். நொச்சி ஆவி, சரி. சுக்குக் காப்பி, சரி. அப்புறம் அலமாரியிலிருந்து தசமூலாரிஷ்டம்.

"இதுல ஒரு மூடி குடிச்சிட்டுப் படு, காலைல சளி இருக்காது."

"அதுல சாராயம் இருக்கும்மா."

வீடு அப்படியே நின்றது. அம்மாவின் அம்மா காலத்திலிருந்து பிரசவம் ஆன பெண்களுக்கெல்லாம் கொடுக்கும் மருந்து அது. பாட்டிலைத் திருப்பி, லேபிளில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன், நொதிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது என்று. அம்மா கண்ணாடி போட்டுப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "அப்போ இத்தன வருஷமா உங்க ஆச்சி…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அப்பா திண்ணையிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாளை காலை 4 மணிக்கு அடுத்த ஸ்டேண்ட்பை தொடங்குகிறது. இங்கேதான் எங்கள் தொழிலில் யாரும் வெளியே பேசாத ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டேண்ட்பைதானே, கூப்பிடாமலே போகலாம், எதற்கு ஒரு சிக் லீவை வீணாக்க வேண்டும்? பேசாமல் இருப்போம், கூப்பிட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். நானும் இப்படி யோசித்தேன், பொய் சொல்ல விரும்பவில்லை. மத்தியானம் முழுக்க யோசித்தேன். கூடவே இன்னொன்றும்: சாயங்காலமே வள்ளக்கடவு போய்விட்டால், அவ்வளவு தூரம் போன பிறகு ராத்திரி போன் வந்தால், "வந்தது வந்தாச்சு, போய்விட்டு வந்துவிடலாம்" என்று கிளம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு விபத்து அறிக்கை படித்தோம். 2009 பிப்ரவரி 12, அமெரிக்காவில் நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407. விமானத்தில் 49 பேர், கீழே வீட்டில் ஒருவர், மொத்தம் 50 பேர் இறந்தார்கள். துணை விமானி சியாட்டிலிலிருந்து ராத்திரி முழுக்க வேறு விமானங்களில் ஒட்டிக்கொண்டு நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வேலைக்கு வந்திருந்தார். சளி பிடித்திருந்தது, காக்பிட் ஒலிப்பதிவில் தும்மல் கேட்கிறது. வீட்டிலேயே இப்படி இருந்திருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன், இப்போது சிக் சொன்னால் சரியாகும்வரை சொந்தக் காசில் ஹோட்டலில் கிடக்க வேண்டும் என்கிற மாதிரி அவர் பேசியதும் பதிவில் இருக்கிறது. கேப்டனும் வெளியூர், ஓய்வறையில் தூங்கியவர். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டை எதிர்த்திசையில் இழுத்ததுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. களைப்பும் இருந்திருக்கும், எவ்வளவு என்று அளக்க முடியவில்லை என்றும் எழுதினார்கள். அதன் பிறகுதான் அங்கே ஓய்வு விதிகள் மாறி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன.

அறிக்கை படித்த அன்று வகுப்பில் எல்லாரும் அந்தத் தண்டை இழுத்ததைப் பற்றியே பேசினோம். இன்றைக்கு எனக்கு அந்த ஹோட்டல் கணக்குதான் நினைவுக்கு வந்தது. சியாட்டில் எங்கே, தக்கலை எங்கே. ஆனால் அந்தக் கணக்கை நானும் போட்டேன்.

அப்பாவிடம் கேட்டேன், ஸ்பேரில் இருக்கும்போது உடம்பு முடியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. யோசிக்கவே இல்லை. "முந்தின நாளே சொல்லிரணும் மக்களே. அப்பல்லாம் போன் ஏது, கடைசி வண்டி கண்டக்டர்ட்ட சொல்லி அனுப்புவேன். காலம்பற நாலு மணிக்குச் சொன்னா எவனோ ஒருத்தன பாதி உறக்கத்துல எழுப்பி ஏத்திவிடுவான். அவன் உறக்கமும் போச்சு, வண்டில இருக்கவனுக்க உசிரும் போச்சு."

6.10-க்குப் போன் செய்தேன். மனசுக்குள் பெரிய வசனம் தயார்: மழை, காது, ஆவி பிடித்தது, எல்லாம். "நாளைக்கு நான் ஃபிட் இல்லை, சிக் போடுங்கள்" என்றேன். அந்தப் பக்கம் "ஓகே மேடம். நாளை மறுநாள்?" "தெரியாது, டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்." "டேக் கேர்." நாற்பது நொடி. வசனம் மிஞ்சிவிட்டது.

இதில் சீனியர்கள் சொல்லித்தராமல் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. என்ன நோய் என்று கன்ட்ரோலில் விவரிக்கக் கூடாது, அவர் டாக்டர் இல்லை, அவருக்கு வேண்டியது ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போடுவது மட்டும். "கொஞ்சம் சுமார்தான், ஆள் கிடைக்கலைன்னா வர்றேன்" என்று ஒருவர் பேசுவதை ஒரு முறை கேட்டேன். இதைவிட மோசமான சொல் எங்கள் தொழிலில் கிடையாது. ஆள் கிடைக்காவிட்டால் அவர் காது திறந்துவிடுமா? அப்புறம், சிக் சொன்ன அன்று குற்றாலத்தில் குளிக்கிற படத்தை ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள். அவர்களால்தான் நிஜமாகவே முடியாதவர்களையும் கம்பெனி ஒரு கண்ணால் பார்க்கிறது. சிக் என்பது போராட்ட ஆயுதமாகவும் ஆகியிருக்கிறது, 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று ஐந்து நாள் உட்கார்ந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்ததா என்பது தனிக் கதை. ஒரு சாதாரண சளிக்குப் போன் செய்யும்போது குரல் நடுங்குவதற்கு அந்த மாதிரிக் கதைகளும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாள் 5

தூங்கினேன். சித்தப்பா பையன்கள் திற்பரப்பு அருவிக்குக் கூப்பிட்டார்கள், நல்ல தண்ணீராம். போகவில்லை. பக்கத்து வீட்டு அத்தை மறுபடியும்: "இன்னும் லீவுதானா மக்களே?" ஆமாம் அத்தை.

நாலு மணிக்கு விழிப்பு வந்து ஏதோ ஒரு சொம்பு இப்போது எங்கேயோ அதிர்ந்திருக்கும் என்று நினைத்தபடி அரைமணி நேரம் கிடந்ததையும் எழுத வேண்டும்.

நாள் 6

நாகர்கோவிலில் காது டாக்டர். டோக்கன் 34. விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் பிளேன்ல ஏறாதீங்க" என்று அவராகவே சொன்னார், எல்லாருக்கும் சொல்வது போல. நான் வேலையைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார், எழுதிய ஒரு மாத்திரையை அடித்துவிட்டு வேறு எழுதினார். அடித்தது தூக்கம் வரவழைக்கும் ரகம். இது முக்கியம், சளி போயிருந்தாலும் அந்த மாத்திரையின் மந்தம் உடம்பில் இருந்தால் பறக்கக் கூடாது. கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவது எங்களுக்கு ஆகாது. சர்டிபிகேட் வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். கிழங்கை மென்றுகொண்டிருக்கும்போது இடது காதில் 'டப்'. அம்மாவிடம் சொன்னேன். "நொச்சி கேட்டுது பாத்தியா" என்றாள். இருக்கட்டும். ராத்திரி இரண்டு தடவை, காலையில் இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு.

நாள் 7

காது திறக்கிறது. கடைசி மாத்திரை போட்டது நேற்று மத்தியானம், அதுவும் தூங்க வைக்காத ரகம். ஃபிட் என்று சொல்லிவிட்டேன். இதற்கும் அதே நாற்பது நொடி. நாளை விடியற்காலை ஸ்டேண்ட்பை.

களியக்காவிளையில் முன்னால் மூன்று டாரஸ். அறைக்கு வரும்போது ஏழரை மணி. என் அறைத் தோழி தூத்துக்குடிக்காரி, அவளும் துணை விமானிதான், கட்டிலில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள்.

"முந்தாநேத்து காலைல ஷார்ஜா அடிச்சிட்டான்டி. ஆனா முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்கே சொல்லிட்டான், நல்லாத் தூங்கிட்டுத்தான் போனேன். யாரோ புண்ணியவான் சீக்கிரமே சிக் சொல்லியிருக்கான்."

நான் அன்றைக்கு வீட்டில் இருந்தது அவளுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. தெரிந்திருக்கவும் கூடும். கேட்கவில்லை. பையிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து டப்பாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"உங்க ஊர்ல இத சுத்தியல் வச்சுத்தான் திம்பீங்களா?"

"கடவாய்ப் பல்லுல வை."

போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சொம்பைத் தேடினால், அதில் அவள் டீ போட்டு வைத்திருந்தாள்.